படிவத்தில் பதினோராவது கட்டம்

நாட்டுக்கு நான் செய்த ஒரே தொண்டு, ஒரு படிவத்தில் பதினோராவது கட்டத்தைச் சேர்த்தது. சும்மா இருந்திருந்தால் நாடு கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் டேங்கர் லாரிகள் ஓட்டும் ஒரு கம்பெனியில் காகிதம் பார்ப்பவன் நான். அமிலம், சால்வென்ட் என்று மூக்குக்கும் தோலுக்கும் ஆகாத திரவங்களை மாநிலம் தாண்டிக் கொண்டுபோவது லாரிகளின் வேலை. அதற்கு அனுமதி இருக்கிறது என்று நிரூபிப்பது என் வேலை. வீட்டில் நான்கு அலமாரி புத்தகம் வைத்திருக்கும் ஐம்பத்துமூன்று வயது ஆள், பகலெல்லாம் ‘தன்மை: எளிதில் தீப்பற்றும்; கையாளுதல்: கவனம் தேவை’ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பது மனைவியின் கட்சி.

முன்பெல்லாம் மாநிலத்துக்கு ஒரு படிவம். ஒரு மாநிலத்துக்கு டிரைவரின் ரத்த வகை வேண்டும். இன்னொன்றுக்கு அவருடைய அப்பாவின் தொழில் வேண்டும். மூன்றாவது மாநிலம் போட்டோவில் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று அடம்பிடிக்கும். பிறகுதான் அந்த ஏற்பாடு வந்தது. ஆபத்தான சரக்குக்கு எல்லா மாநிலங்களும் ஒரே அனுமதிப் படிவத்துக்கு, ஒரே கம்ப்யூட்டர் பதிவுக்கு மாறினால், மாறும் செலவுக்கு மேலிடத்திலிருந்து மானியம். நல்ல ஏற்பாடு. பல்லைக் கடித்துக்கொண்டு இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன்.

படிவத்தை முடிவு செய்யுமுன் சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டுமாம். புனேயில் குளிர்பதனம் செய்த ஓட்டல் ஒன்றில் கலந்தாலோசித்தார்கள். டிரைவர் ஒருவர்கூட அங்கே இல்லை. அவர்கள் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனி சார்பில் நான் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்து நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். டேங்கரில் கசிவு வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் அவசர அட்டை ஒன்று கேபினில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அட்டை டிரைவரின் தாய்மொழியில் இருக்க வேண்டாமா என்று கேட்டேன். உயிர் போகும் நேரத்தில் மனிதனுக்குத் தாய்மொழிதான் வரும் என்றேன். இதை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. கைதட்டினார்கள். படிவத்தில் பதினோராவது கட்டம் பிறந்தது: ‘தாய்மொழி’. அதில் என்ன எழுதுகிறோமோ அந்த மொழியில் அட்டை தானாக அச்சாகி வரும்.

தமிழ் அட்டையை மொழிபெயர்க்கும் பொறுப்பும் என் தலையில் வந்து விழுந்தது. பொய் சொல்வானேன், நானே தலையைக் கொண்டுபோய் நீட்டினேன். அத்தனை வருடம் கல்யாணப் பத்திரிகை திருத்தியே காலம் தள்ளிய புலவர் எனக்குள் சோம்பல் முறித்து எழுந்தார். ‘கசிவுறும் தறுவாயில் எரிபற்று மூலங்களை அப்புறப்படுத்துக. வீசுகாற்றின் எதிர்முகமாய் நிலைகொள்க. தாழ்விடம் தவிர்க்க.’ எழுதிவிட்டு இரண்டு தடவை உரக்கப் படித்து ஓசை பார்த்தேன்.

எங்கள் மூத்த டிரைவர் பக்கத்துத் தாபோடிக்காரர். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். மகன் பிறந்ததும் வளர்ந்ததும் தாபோடியில், படித்தது மராத்திப் பள்ளியில். மராத்திப் பேப்பரை விளம்பரம் வரை படிப்பார். இந்தி படிப்பார். லேபிளில் உள்ள இங்கிலீஷை என்னைவிட வேகமாகப் படிப்பார். அம்மாவோடு தமிழ் பேசுவார். தமிழ் எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அவருடைய புதுப் படிவத்தை நிரப்பும்போது பதினோராவது கட்டத்தில், கேட்கக்கூடத் தோன்றாமல், ‘தமிழ்’ என்று எழுதினேன். கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன். கேட்டிருந்தாலும் அவரும் தமிழ் என்றுதான் சொல்லியிருப்பார். பதில் சரி. கேள்விதான் முட்டாள்தனம், அதுவும் என் முட்டாள்தனம்.

புதுப் படிவத்தில் அவருடைய இரண்டாவது நடை. காலை பதினொரு மணிக்கு, தெற்கே தமிழ்நாட்டு எல்லைச் சோதனைச் சாவடியிலிருந்து போன்.

“அண்ணே, இங்க ஒரு சாஹேப் கார்டப் படிச்சுக் காட்டுன்றாரு.”

“படிங்களேன்.”

“இன்னாத்தப் படிக்கிறது? ஜிலேபி ஜிலேபியா கீது.”

போனை அதிகாரி வாங்கினார். மரியாதையான மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல். “சார், இவருக்குத் தாய்மொழி தமிழ்னு போட்டிருக்கு. தமிழ் படிக்கத் தெரியல. எழுதப் படிக்கத் தெரியாதவங்க இந்த லோடு ஓட்டக்கூடாது, தெரியும்ல?”

“மராத்தி படிப்பார் சார். இந்தி, இங்கிலீஷ் எல்லாம் படிப்பார்.”

“இருக்கலாம் சார். எங்க ஸ்கிரீன்ல ஒரு மொழிதான் இருக்கு. முதல்ல நடிக்கிறாரோன்னு நெனச்சேன், இவ்வளவு நல்லா தமிழ் பேசறாரேன்னு. பாவம், நெஜமாவே தெரியல.”

கம்ப்யூட்டரில் ‘எழுத்தறிவு இல்லை’ என்று ஏற்றினார். பழைய காலமாக இருந்தால் அந்த ஒரு மாநிலத்தில்தான் அவர் படிக்காதவர். மற்ற மாநிலங்களில் படித்தவராகவே ஓட்டியிருக்கலாம். இப்போதோ எல்லோருக்கும் ஒரே பதிவு. அதிகாரி டீ குடித்து முடிப்பதற்குள் நாடு முழுக்க அவர் தற்குறி. ஆபத்துச் சரக்கு ஓட்டும் உரிமம் அந்த நிமிஷமே முடங்கியது. அது இல்லாவிட்டால் பிஸ்கட் லாரிதான். இருபது வருடம் டேங்கர் ஓட்டியவருக்கு அதில் சம்பளம் வேறு, யார்டில் கிடைக்கும் மரியாதையும் வேறு.

வேறு டிரைவர் போய் வண்டியை எடுத்துக்கொண்டார். இவர் பஸ்ஸில் திரும்பி வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அந்த சாஹேப் ஒரு வரி படிச்சுக் காட்டுனாரு. நிலைகொள்கன்னா இன்னாண்ணே?”

“நில்லுன்னு அர்த்தம்.”

“அப்ப நில்லுன்னே எழுதுறதுக்கு இன்னா கேடு? எவன்ணே எழுதுனது?”

“நான்தான்.”

“நல்லா கீது,” என்றார். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில் அவ்வளவு கடுமையானது வேறில்லை.

மறுநாள் இருவருமாக அனுமதி மையத்துக்குப் போனோம். மானியத்தில் திறந்த மையம். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. ஜன்னலில் இருந்த கிளார்க்கிடம் தாய்மொழிக் கட்டத்தை மராத்தி என்று மாற்றித் தரச் சொன்னேன்.

“முகவரி மாத்தலாம், போட்டோ மாத்தலாம், பேரகூட மாத்தலாம்,” என்றார் அவர் மராத்தியில். “தாய்மொழி பூட்டின கட்டம். அது எப்படி மாறும்?”

“தப்பா எழுதிட்டோம்.”

“அப்போ இவரோட அம்மா தமிழ் இல்லையா?”

“அம்மா தமிழ்தான்.”

“அப்போ சரியாத்தானே எழுதியிருக்கீங்க?”

தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. அம்மா தமிழ் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். டிரைவர் அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். “நான் செத்தப்புறம் எழுதிக்கோடா,” என்று அந்த அம்மாள் சொன்னது ஜன்னல் வரைக்கும் கேட்டது.

அப்போதுதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படிக்கத் தெரிந்தவனைத் தற்குறி என்று எழுத ஒரு நிமிஷம் போதும், அதைத் திருத்தப் பெற்றவளையே மாற்ற வேண்டுமா என்று கத்தினேன். மராத்தியில் கத்தியபோது கூட்டம் வேடிக்கை பார்த்தது. இந்தியில் கத்தியபோது செக்யூரிட்டி எழுந்து நின்றார். இங்கிலீஷில் கத்தியபோது உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். இதுவும் என் கோபக் கணக்கில் சேர்கிறது.

உள்ளே இருந்த பெரிய அதிகாரி தண்ணீர் கொடுத்தார். கட்டத்தைத் திறக்க முடியாது. ஆனால் எழுத்தறிவுக்கு மறுதேர்வு உண்டு, அட்டையை வாசித்துக் காட்டினால் போதும் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. மையத்தில் யாருக்குமே தெரியாது. தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்திலிருந்து கேட்டுக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்ள விதி இருக்கிறதாம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கள் படித்தவர் மாதிரித் தெரிகிறது.”

டிரைவர் அட்டையைக் கையில் வாங்கினார். என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வரிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, பள்ளிப் பையன் மாதிரி உரக்க ஆரம்பித்தார்.

“லீக் ஆச்சுன்னா மொதல்ல இஞ்சினு பந்த் பண்ணு. மெயின் சுவிச்ச ஆஃப் பண்ணு. பீடி பிடிக்கிறவன் எவனாச்சும் கிட்ட வந்தா வெரட்டு. மொபைல எடுக்காத. காத்து எங்கருந்து வருதோ அந்தப் பக்கமா ஓடிப் போய் நில்லு. பள்ளத்துல எறங்காத, ஆவி அங்கதான் போய்ப் படுத்துக்கும். சாக்கடைக்குக் குறுக்க மண்ணப் போடு. ஜனங்க வீடியோ எடுக்க வருவாங்கோ, கேக்கலன்னா கல்ல எடுத்து அடி.”

‘தாழ்விடம் தவிர்க்க’ என்று இரண்டு சொல்லில் நான் முடித்த இடம் அது. ஆவி அங்கேதான் போய்ப் படுக்கும் என்பது எழுதும்போது எனக்குத் தெரியாது.

“சரியாக வாசித்தாரா?” என்று கேட்டார் அதிகாரி.

“எழுத்துப் பிசகாமல்,” என்றேன். ‘தமிழ் சரளமாக வாசிக்கிறார்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்தது. உரிமம் திரும்பி வந்தது.

வெளியே பைக் நிறுத்துமிடத்தில் அவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு சாயாவாவது வாங்கிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவரோ மராத்தியில் இருந்த சான்றிதழ் நகலை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நாளைக்கு வண்டி கவுந்து எனக்கு ஒண்ணு ஆச்சுன்னு வெச்சுக்கோ. எங்க வூட்ல இன்சூரன்ஸ் கேட்டு வந்தா, கம்பெனில இந்தக் காகிதத்தத்தானே காட்டுவாங்கோ? அவனுக்குத் தமிழ் தெரியும், கார்டு தமிழ்ல இருந்திச்சு, படிக்காம விட்டது அவன் தப்புன்னு?”

அப்படிக் காட்டமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் கம்பெனியில் அந்தக் கோப்பை எடுத்து நீட்ட வேண்டிய ஆள் நான்தான்.

“மராத்தி கார்டு ஒண்ணு தனியா வெச்சுக்கலாமே?”

“பதிவுல இல்லாத காகிதம் கேபின்ல இருந்தா அதுக்கு ஒரு கேஸு. நீதானேண்ணே சர்க்குலர் ஒட்டுன?”

ஒட்டியவன் நான்தான்.

“அப்ப இந்தச் சான்றிதழைக் கிழிச்சிடலாமா?”

“கிழிச்சா பிஸ்கட் லாரி.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். “காலைல லோடு. பேப்பர் ரெடி பண்ணி வையி.”

அதற்குப் பிறகு நான்கு கடிதம் எழுதிவிட்டேன். ‘படிக்கத் தெரிந்த மொழி’ என்று இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. யோசனை வரவேற்கத்தக்கது, ஆனால் படிவம் ஒரே மாதிரியானது என்பதால் மாற்றினால் எல்லா மாநிலங்களும் சேர்ந்தே மாற்ற வேண்டும், அப்படி மாற்றும் செலவுக்கு இப்போதைக்கு மானியம் இல்லை. ஐந்தாவது கடிதம் மேஜைமேல் கிடக்கிறது. அதில் உள்ள வசவுகளை நீக்கினால் தேதியும் கையெழுத்தும்தான் மிஞ்சும் என்கிறாள் மனைவி. அப்படியே அனுப்பப் போகிறேன். டிரைவர் வாரத்துக்கு ஒரு தடவை தெற்கே சால்வென்ட் கொண்டுபோகிறார். அவர் படிக்க முடியாத அட்டையைக் கேபின் உறையில் செருகி, இருக்கிறதா என்று சரிபார்த்து, நான்தான் கேட்டைத் திறக்கச் சொல்கிறேன்.