நெல்டாவின் இடது இடுப்பு

மேற்கு டெக்சாஸில் கால்டர் என்கிற சின்ன ஊரில் நெல்டா க்ரட்சர் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். காலப்போக்கில் அவளிடம் வந்துகொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. ஒருத்திக்கு இடுப்பெலும்பு போயிற்று, இன்னொருத்திக்குக் கண். மற்றொருத்தியின் கார் சாவியை மகனே வாங்கி வைத்துக்கொண்டான். அவர்களால் வர முடியவில்லை என்றானதும் நெல்டா கடையைப் பூட்டினாள். கத்தரி, சீப்பு, முடி சுருட்டும் உருளைகள், டிரையர் எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் திணித்துக்கொண்டு பண்ணை பண்ணையாக அவர்களைத் தேடிப் போக ஆரம்பித்தாள்.

ஒரு பண்ணைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். வழியில் போனில் சிக்னல் கிடையாது. ஒருநாள் சாயங்காலம் அந்தச் சாலையில் ஒரு கறுப்பு வண்டி அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது, வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுத்தது. தெரிந்த பண்ணை ஒன்றின் கேட்டுக்குள் திரும்பி அவள் தப்பித்தாள். அந்த வண்டி கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

இதை அவள் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது கணவன் ராய்ஸ் தட்டை அப்படியே தள்ளிவைத்து எழுந்தான். அலமாரியிலிருந்து ஒரு குட்டி ரிவால்வரைக் கொண்டுவந்து வைத்தான்.

"இனிமே இது இல்லாம நீ போகக் கூடாது."

"போற இடமெல்லாம் கெழவிங்க. யாரைச் சுடச் சொல்ற?"

"யாரையும் சுட வேணாம். நீ திரும்பி வந்தா போதும்."

அவளுக்குச் சுடத் தெரியாமல் இல்லை. சின்ன வயசிலேயே கோழிக்கூண்டுக்குள் வந்த பாம்பைச் சுட்டவள்தான். ஆனால் துப்பாக்கியை எங்கே வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. தோல் உறையில் செருகி, சீப்போடு சீப்பாகப் பையில் போட்டுப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வளைவில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் குட்டிகளோடு குறுக்கே வந்தது. அவள் பிரேக்கை மிதித்த மிதியில் பை குப்புற விழுந்தது. உருளைகள் எல்லாம் காலடியில் சிதறின. பிரேக் பாதிக்கு மேல் இறங்கவில்லை. துப்பாக்கி உறையோடு போய் அதற்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பன்றிகள் பிழைத்தன. வண்டி வேலியில் இரண்டு கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது.

அவ்வழியே போனவர் சொல்லி ஓடிவந்த ராய்ஸ் வேலியைப் பார்க்கவில்லை. பிரேக்குக்கடியில் கிடந்ததைப் பார்த்தான். குனிந்து அதை வெளியே எடுத்தான்.

"இதைக் குடுத்தது நான்" என்றான்.

"பையில போட்டது நான். வா, கம்பத்தை நிமித்துவோம்."

அடுத்து டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டால் அவள் கை அதுவரை எட்டவில்லை. அப்புறம் ராய்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்குள் மல்லாந்து படுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே உறையை ஸ்க்ரூ போட்டு முடுக்கினான். கையை இறக்கினால் பிடி நேராகக் கைக்குள் வந்தது. அவனுக்கு அதில் ரொம்பப் பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினான்.

அந்தப் பெருமை ஓமா பிலிப்ஸின் வீட்டில் முடிந்தது. ஓமாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. நெல்டா ஜன்னலோரமாக அவளை உட்கார்த்தி முடி வெட்டிக்கொண்டிருந்தாள். எதேச்சையாக வெளியே பார்த்தபோது ஓமாவின் கொள்ளுப்பேத்திகள் இரண்டு பேரும் நெல்டாவின் வண்டிக்குள் இருந்தார்கள். ஒருத்தி ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டுவதுபோல் விளையாடிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கீழே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெல்டா கையில் கத்தரியோடு ஓடினாள். கதவைத் திறந்தபோது குனிந்திருந்த பெண் நிமிர்ந்து, "இங்க ஒரு பொத்தான் இருக்கு, அழுத்தினா டிக்கி தொறக்குமா?" என்று கேட்டாள். அவள் விரல் நிஜமாகவே ஒரு பொத்தான் மேல்தான் இருந்தது. துப்பாக்கி அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

குழந்தைகளை இறக்கிவிட்டு நெல்டா அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பாதி வெட்டிய தலையோடு ஓமா வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தாள்.

"என்னடி, என் முடியைப் பாத்தா அவ்ளோ துக்கமாவா இருக்கு?"

அன்று வீடு திரும்பியதும் ராய்ஸிடம் சொன்னாள். "அது என் உடம்புல இருக்கணும், இல்லன்னா வீட்டுப் பெட்டியில பூட்டி இருக்கணும். வண்டியோட இருக்கற வேலையே வேணாம்." ராய்ஸ் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனான்.

இடம் கண்டுபிடிக்க நாளாயிற்று. வலது இடுப்பில் வைத்தால் பெல்ட்டின் பூட்டு இடித்தது, கணுக்காலுக்குக் குனிந்தால் சாலை தெரியவில்லை. கடைசியில் இடது இடுப்புக்குக் கொஞ்சம் முன்னால், பிடி வலது கையைப் பார்த்தபடி, விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறையில் வைத்ததும் சரியாக அமைந்தது. சீட் பெல்ட் அதற்குக் கீழாகப் போயிற்று. அமெரிக்க வண்டிகளில் ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம்தான் கதவு. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் கை எட்டாது.

பிறகு தினமும் காலையில், நின்ற வண்டியில் அதை உருவுகிற பயிற்சி. குண்டுகளை எடுத்து வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, ரிவால்வரின் குண்டறைகள் காலியா என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ராய்ஸ் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திருடனாகக் கோழிக்கொட்டகைப் பக்கமிருந்து வருவான்.

"நில்லு. உன் சொந்தத் தொடைய நோக்கிப் பிடிச்சிருக்க."

"திருடனுக்கு என் தொடை மேல என்ன அக்கறை?"

"அந்தத் திருடன் நாப்பது வருஷமா அந்தத் தொடையோட குடித்தனம் பண்றவன்."

அவள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆகும். அன்றைய பயிற்சி அத்தோடு சரி.

ஒரு ஆகஸ்ட் மத்தியானம், யாருமில்லாத சாலையில், நடுவில் ஒரு வாலிபன் நின்று ஒரு கையை ஆட்டினான். மறு கையைச் சட்டையால் சுற்றியிருந்தான். நெல்டா தூரத்திலேயே நிறுத்தினாள். கதவுகளைப் பூட்டி, என்ஜினை அணைக்காமல், கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினாள். வலது கை தானாக மடிக்கு வந்தது. உறையைத் தொடவில்லை, பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

"அங்கயே நின்னு சொல்லு தம்பி."

"ஜாக்கி நழுவிருச்சும்மா. ரெண்டு விரல்... எனக்குப் பாக்கவே பயமா இருக்கு."

சட்டையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டயர் தனியாகக் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. அவள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு வலப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

அவன் பெயர் எஃப்ரெயின். எண்ணெய்க் கிணற்றில் வேலை. உட்கார்ந்ததும் அவள் இடுப்பில் இருந்தது அவன் கண்ணில் பட்டது.

"துப்பாக்கியாம்மா?"

"ஆமா. நீ பெல்ட்டப் போடு. கைய மேல தூக்கி வெச்சுக்கோ, பேசிக்கிட்டே வா, தூங்கிராத."

அவன் தன் அம்மாவின் சமையலைப் பற்றிப் பேசினான். பேச்சு நடுவில் நின்று தலை தொங்கியபோது நெல்டா ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினாள். ஊர் எல்லையில் சிக்னல் வந்ததும் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். டாக்டர்கள் இரண்டு விரல்களையும் காப்பாற்றினார்கள்.

சாயங்காலம் ராய்ஸ் இருக்கையில் படிந்த ரத்தத்தைத் தேய்த்துக் கழுவினான்.

"அதை எடுத்தியா?"

"இல்ல."

"எடுக்கணும்னு தோணுச்சா?"

நெல்டா யோசித்தாள். "கண்ணாடியத் தொறக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் தோணுச்சு. அது கிட்ட இருந்ததாலதான் நிறுத்தவே தைரியம் வந்துச்சு. இல்லன்னா அந்தப் பையனத் தாண்டிப் போயிருப்பேன் ராய்ஸ்."

அவன் கையிலிருந்த ஈரத்துணியோடு வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். அவள் சோப்பு நுரையைப் பொருட்படுத்தாமல் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

எஃப்ரெயினின் அம்மா இப்போது நெல்டாவின் வாடிக்கைக்காரி. மாதத்துக்கு ஒருமுறை நெல்டா அங்கே போகிறாள். முடி வெட்டி முடிந்ததும் அந்த அம்மாள் மக்காச்சோள மாவில் அவித்த தமாலே ஒரு அடுக்கைத் துணியில் சுற்றிக் கொடுத்து, நெல்டா சொல்லிக் கேட்ட அந்த வீட்டுத் திருடனுக்கும் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறாள்.