வீரபத்திரனின் மீசையும் ஒரு பாரை மீனும்

என் அண்ணனுக்கு மீசைதான் சொத்து. தெமோதரைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமனுக்குக் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து நடக்கும். காமன் எரிவதும், ரதி அழுவதும், எரிந்தவனுக்காகத் தோட்டமே துக்கம் காப்பதும்தான் கதை. அதில் வீரபத்திரன் வேஷம் எப்போதும் அண்ணனுக்கு. மற்றவர்கள் மையால் மீசை எழுதிக்கொள்வார்கள், இவர் எழுத வேண்டியதில்லை. தேயிலை ஃபெக்டரியில் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மீசைக்காரர் வீடு எது என்று கேட்டால் பஸ் கண்டக்டர்கூட வழி சொல்வார். அந்த மீசையைத்தான் என்னிடம் பந்தயம் வைத்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு தடி. பல வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்து இடுப்பு ஒத்துழைக்காமல் போனபோது, எல்ல டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி காலையில் புல்வெளியில் நின்று மெல்லிய தடி ஒன்றை வீசுவாள். தடி நுனியிலிருந்து தடித்த மஞ்சள் நூல் தலைக்கு மேலே பின்னால் போய், முழுக்க நீண்டு, பிறகு முன்னால் வந்து புல்லின்மேல் சத்தமில்லாமல் படுக்கும். நான் ஜன்னலில் நின்று பார்த்ததில் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. அவள் கண்டுகொண்டு என்னைக் கூப்பிட்டுத் தடியைக் கையில் கொடுத்தாள். என் சமையலறை இங்கிலீஷுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இது கடல் மீன் பிடிக்கும் தூண்டில். ஆழத்தில் இல்லை, முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துபோய், மீனைக் கண்ணால் பார்த்து, அதன் மூக்குக்கு முன்னால் போட வேண்டும். புழுவும் இல்லை, இறாலும் இல்லை. கொக்கியில் இறகைக் கட்டினால் போதும், மீன் அதைக் குஞ்சுமீன் என்று நினைத்துத் துரத்தும்.

போகும் நாளில் கதவிடுக்கில் மாட்டித் தடியின் நுனி உடைந்துவிட்டது. அவள் அதை நூல் சுற்றும் சுழலியோடு அப்படியே விட்டுவிட்டுப் போனாள். போஞ்சிக் கொடிக்கு நட்டுக்கொள்ளச் சொல்லி முதலாளி என்னிடம் தந்தார். எனக்கு வந்ததே கோபம். போஞ்சிக்கு ஊன்றுவதற்கா அதை அப்படி வீசினாள் அவள்? நூல் சுற்றி, பசை போட்டு நுனியை ஒட்டினேன். பதுளையில் பெரிய கொக்கிகளாகப் பார்த்து வாங்கி, அண்ணன் வளர்க்கும் வெள்ளைச் சேவலின் இறகைக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரட்டுக்களத்தில் நின்று வீசிப் பழகினேன். வேலைக்குப் பெயர் கூப்பிடும் களம் அது. மூன்று பக்கமும் தேயிலை. பின்னால் போகிற நூல் கொஞ்சம் தாழ்ந்தாலும் செடியில் மாட்டும். ஒவ்வொரு முறையும் போய் எடுக்க வேண்டும். போகப் போக நூலை உயரத் தூக்கி வீசுவது கைக்குப் படிந்துவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனத்துக்கு நான்தான் ஞாயிற்றுக்கிழமைச் சினிமா. "தேயிலைக்குத் தூண்டி போடுறா" என்று சிரித்தார்கள்.

அந்த வருஷம் காமன் எரித்து முடிந்த சூட்டில், முகத்துச் சாயம்கூடக் கழுவாமல் அண்ணன் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

"கோழி இறகுக்குக் கடல் மீன் மாட்டுச்சுன்னா நான் இந்த மீசைய எடுத்துடுறேன். அடுத்த வருஷம் காமன் ஊனுற வரைக்கும் டைம் தாறேன்."

சும்மா விடுவேனா நான்?

"மாட்டலன்னா இந்தத் தடிய அடுத்த காமன் எரியுற நெருப்புலயே போடுறேன், அண்ணே."

சொன்ன பிறகுதான் தடியைத் திரும்பிப் பார்த்தேன். வேறு யார் கையிலும் இல்லாத ஒரு பொருள் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

கடலுக்கு வழி என் வீட்டுக்காரரிடம் இருந்தது. அவர் லொறி டிரைவர். பண்டாரவளையில் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாகப் பொத்துவிலுக்குப் போவார். திரும்பும்போது ஐஸ் போட்ட பெட்டிகளில் மீன் ஏற்றி வருவார். பங்குனியில் ஒரு லீவு நாள் பார்த்து நானும் ஏறிக்கொண்டேன். "மீன் ஏத்துற லொறியில மீன் புடிக்கப் போறவள இன்னிக்குத்தான் பார்க்குறேன்" என்று வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டே வந்தார். பொத்துவிலில் மரக்கறி இறக்கிவிட்டு அவர் லொறிக்குள் தூங்க, நான் களப்புக்குள், கடலோர உப்பு ஏரிக்குள், இறங்கினேன்.

கடலும் களப்பும் சேரும் இடத்தில் மணல் திட்டுப் பரந்து கிடக்கிறது. அதன்மேல் தண்ணீர் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில். பங்குனி வெயிலில் காற்றே இல்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவு, என் நகத்தின் மருதாணிகூடத் தெரிந்தது. அதுதான் வினை. எனக்கு மீன் தெரிந்தால் மீனுக்கு நான் தெரியமாட்டேனா? சாம்பல் நிறத்தில் நிழல்கள் கூட்டமாக வரும். நான் கையைத் தூக்கியதும் காணாமல் போகும். மலையில் ஏறி இறங்கிய கால் எனக்கு. ஓங்கி வைத்தே பழக்கம். நான் நடந்தால் திட்டு முழுவதற்கும் சேதி போய்விடும். வெறுங்கையோடு கரையேறினேன். கரையில் மீன் கொட்டகை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"மீன் வேணுமெண்டா எங்கிட்டக் கேளுங்க தங்கச்சி. ஏன் வெயில்ல நிண்டு காயுறீங்க?"

அதற்குப் பிறகு நான் நடக்கக் கற்றுக்கொண்டேன். காலைத் தூக்காமல், மணலில் தேய்த்துத் தேய்த்து. வீட்டிலும் அப்படியே நடந்ததைப் பார்த்து, "கால்ல என்ன நோவு?" என்று கேட்டார்கள்.

ஆடியில் மறுபடி போனேன். எங்கள் மலையில் ஆடிக் காற்று லயத்துத் தகரத்தை ஆட்டும்போது பொத்துவிலில் அதே காற்றைக் கச்சான் என்கிறார்கள். நான் வீசிய நூல் என் முகத்துக்கே திரும்பியது. அவிழ்த்துவிட்ட நூல் காலில் சுற்றிக்கொண்டது. ஆனால் காற்றில் தண்ணீர் கலைந்து கிடந்ததால் மீனுக்கு என்னைத் தெரியவில்லை. வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்த காலை நேரத்தில், ஒரு நிழல் கூட்டத்தை விட்டுப் பிரிந்து என் இறகின் பின்னால் வந்தது. வாயைத் திறந்ததைப் பார்த்தேன். கவ்வியதைப் பார்த்தேன். உடனே தடியை வெடுக்கென்று மேலே தூக்கினேன். இறகு வெளியே வந்து என் தலையைத் தாண்டிப் பறந்தது.

தோட்டத்தில் பிறந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஃபெக்டரிக்குக் கீழே உள்ள குளத்தில் மூங்கில் குச்சியால் கெண்டை பிடித்து வளர்ந்த கை. மீன் கடித்தால் தூக்கு, அதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை. கடல் மீனுக்குத் தூக்கக் கூடாது, நூலைக் கையால் நேராக இழுத்துக் குத்த வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரம்மா செய்து காட்டியது மணல்மேல் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. லொறியில் திரும்பும்போது அழுதேன். வீட்டுக்காரர் லகுகலையில் நிறுத்தித் தேத்தண்ணி வாங்கித் தந்தார். கிண்டல் செய்யவில்லை. அதனால் இன்னும் அழுகை வந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தால் எங்கள் பக்கம் எங்கேயும் போக முடியாது. பசறை வீதியில் மண் விழுந்துகொண்டே இருக்கும். மழை நாளில் நாங்கள் மேட்டைப் பார்த்தபடிதான் தூங்குவோம். முன்பு ஒரு மழையில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து எங்கள் பழைய வீடு போனது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படம் போய்விட்டது. அம்மா செத்தபோது நான் சின்னப் பிள்ளை. அந்த ஒரு படம்தான் இருந்தது. நாள் போகப் போக அம்மாவின் சேலை ஞாபகம் இருக்கிறது, குரல் ஞாபகம் இருக்கிறது, முகம் மட்டும் கலங்கலாகிக்கொண்டே வருகிறது. மழை பெய்தால் எனக்கு இந்த நினைப்புத்தான் வரும்.

அந்த மழையில்தான் அண்ணி என் கட்சிக்கு வந்தாள். மீசைக்காரரின் மனைவியே.

"கல்யாணம் கட்டுன நாள்லயிருந்து அந்த ஆளோட மேல் உதட்ட நான் பார்த்ததே இல்ல, புள்ள. எப்படியாச்சும் ஒரு மீனப் புடி" என்றாள்.

மழை விட்ட நேரங்களில் பெரட்டுக்களத்தில் அவள் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மீனாக நின்றாள். அவள் இழுப்பாள், நான் தூக்குவேன். திட்டுவாள். மறுபடி இழுப்பாள், மறுபடி தூக்குவேன். கை கேட்கவே இல்லை. கடைசியில் அண்ணிக்கே பொறுமை போனது.

"அந்தத் தடி கையில இருந்தாத்தானே தூக்குவ? மட்டக் கம்ப இடுக்குற மாதிரி அக்குள்ல இடுக்கு. ரெண்டு கையாலயும் கொழுந்தெடு."

கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பை அப்படித்தான் இடுக்கிக்கொள்வோம். தடியை இடுக்கினேன். இரண்டு கையும் மாறி மாறி நூலை இழுத்தன. பல வருஷம் இரண்டு இலையும் மொட்டுமாகப் பறித்த கைகள், சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது? கை தன்பாட்டில் பறிக்க, கண் அடுத்த செடிக்குப் போய்விடும். இங்கே கண் அண்ணிமேல் இருந்தது. அவள் வெட்டி இழுத்தாள். என் கைகள் நூலை விடாமல் பறித்தன. அண்ணி நிலைதடுமாறிச் சேற்றில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் லயமே வெளியே வந்து பார்த்தது.

காலில் நூல் சுற்றுவதற்கும் அவளே வழி சொன்னாள். பழைய கொழுந்துக் கூடை ஒன்றைப் பாதியாக அறுத்து என் வயிற்றில் கட்டினாள். பறித்த நூல் அதற்குள் விழும். பிறகு அண்ணனின் வீரபத்திரன் உடுப்பிலிருந்து சிவப்பு ஜிகினா கொஞ்சம் வெட்டி வந்தாள். "வெயில்ல பளபளக்கும், கட்டு" என்றாள். வெள்ளைச் சேவல் இறகோடு சேர்த்துக் கட்டினேன்.

தை முடியப் போகும் நேரம் மழை விட்டது. காமன் ஊன்ற அதிக நாள் இல்லை. இதுதான் கடைசிப் பயணம் என்று எனக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். இந்த முறை அவர் தூங்கப் போகவில்லை. கரையில் குந்தியிருந்தார்.

வெள்ளம் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணலை உடைத்துவிட்டிருந்தது. கடல் தண்ணீர் பச்சையாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அதோடு மீனும் ஏறியது. வயிற்றில் கூடையோடு காலைத் தேய்த்துத் தேய்த்துப் போய் நின்றேன். எனக்குப் பின்னால் கண்டல் புதர். பெரட்டுக்களத்துத் தேயிலையை விட உயரம் ஒன்றும் இல்லை. நூல் அதற்கு மேலே போனது. நான்கு நிழல்கள் திட்டின் ஓரமாக வந்தன. அவற்றின் முன்னால் இறகை விழவைத்தேன். தடியை அக்குளில் இடுக்கி, பறிக்கத் தொடங்கினேன். ஒரு நிழல் திரும்பியது. மற்றவையும் திரும்பின. முதுகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. நான் கைகளைப் பார்க்கவே இல்லை. அவை பறித்துக்கொண்டே இருந்தன. நூல் சட்டென்று கனத்தது. கைகள் இன்னொரு பிடி பறித்தன.

கூடைக்குள் இருந்த நூல் அத்தனையும் ஒரே மூச்சில் பறந்தது. சுழலி அலறியது. நான் தடியைக் கையில் எடுத்துக்கொண்டு களப்புக்குள் ஓடினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரர் என் பின்னால் ஓடி வந்தார். அது இழுக்க, நான் விட, அது களைக்க, நான் சுற்ற, கடைசியில் என் காலடியில் பக்கவாட்டில் சாய்ந்தது. பாரை. வெள்ளித் தட்டுபோல அகலம், முழங்கையை விட நீளம். என் உள்ளங்கை நூல் அறுத்து இரத்தமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. கொட்டகைப் பெரியவர் வந்து பார்த்து, "விக்கிறீங்களா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் தானே ஐஸ் அள்ளிக் கொடுத்தார்.

"ஒங்கண்ணன் இத நம்பமாட்டாரு. நான் சந்தையில வாங்கினதுன்னு சொல்லுவாரு" என்றார் வீட்டுக்காரர். உண்மைதான். வாரம் தவறாமல் மீன் ஏற்றி வருகிற ஆளின் மனைவி நான். அதனால் கொக்கியைக் கழற்றவில்லை. நூலை மட்டும் அறுத்துவிட்டேன்.

சொன்ன மாதிரியே ஆனது. அண்ணன் மீனைப் பார்த்துவிட்டு, "பொத்துவில்ல இது என்ன வெல?" என்றார்.

"வாயத் தொறந்து பாருங்க, அண்ணே."

திறந்தார். தாடையில் வெள்ளை இறகும் சிவப்பு ஜிகினாவும். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என் உடுப்பு ஜிகினா இல்ல?" என்று கேட்டார். அதற்குள் அண்ணி கண்ணாடியும் பிளேடும் சவர்க்காரமும் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டாள். அண்ணன் எத்தனை வீம்புக்காரர் என்றாலும் சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்புறம் போய் எடுத்தார். பிறகு வாயில் துண்டைப் பொத்திக்கொண்டே திரிந்தார். மீன் குழம்பைக்கூடச் சுவர் பக்கம் திரும்பித்தான் சாப்பிட்டார். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மீசை இல்லாத வீரபத்திரனை வைத்து என்ன செய்வது? வழக்கமாக ரதி வேஷம் கட்டும் பையன் கொழும்பில் வேலைக்குப் போயிருந்தான். ஆண்கள்தான் ரதி கட்டுவது எங்கள் வழக்கம். கூத்து வாத்தியார் அண்ணனையே கட்டச் சொல்லிவிட்டார். நான் கேலி செய்வதற்கென்றே முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

தப்பு மேளச் சத்தத்தோடு ரதி வந்தாள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, முக்காடு போட்டு. முக்காட்டை விலக்கி நிமிர்ந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த கிழவி, அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள், என் கையைப் பிடித்தாள்.

"அடியே, ஒங்க ஆத்தாடி. ஒங்க ஆத்தா வந்து நிக்கிறா."

அந்த மேல் உதடு. அந்த வாய். மண்ணுக்குள் போன படம் இத்தனை வருஷமாக அண்ணனின் மீசைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. ரதி அழுதாள், நானும் வாய்விட்டு அழுதேன். கூத்தைப் பார்த்து அழுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். கூத்து முடிந்ததும் நேரே போய் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் கண்ணாடி வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாசி வந்து போய்விட்டது. நான் இன்னும் பொத்துவிலுக்குப் போகிறேன், சில நாள் மீன் கிடைக்கிறது, பல நாள் இல்லை. அண்ணன் ஞாயிறு தவறாமல் சவரம் செய்துகொள்கிறார். பந்தயம்தான் முடிந்துவிட்டதே, மீசையை வளர்க்கலாமே என்று யாராவது கேட்டால் என் பக்கம் கையைக் காட்டுவார்.

"அவகிட்டக் கேளுங்க. இது அவ மீன் புடிச்சு ஜெயிச்ச முகம்."

நான் விடமாட்டேன்.