தூதர் கேட்ட இலை

எழுபதுகளில் தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒரு கல்யாணம். பந்தி என் பொறுப்பு. வெளிநாட்டில் நம் தூதராக இருந்தவர் மனைவியோடு வந்திருந்தார். ஆண்கள் வரிசையில் முதல் இலை அவருக்கு. அந்த நரைத்த மீசைக்காரரோ சோற்றைத் தொடாமல் பெண்கள் வரிசையையே எட்டி எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா குறை?" என்றேன்.

"அங்க விருந்துகள்ல புருசன் பெஞ்சாதியைச் சேத்து உக்கார வைக்கமாட்டாவ. எங்க உத்தியோக முறை அப்படி. இருபது வருசமா தூரத்துல அவ முகத்தைத் தேடிட்டுத்தான் சாப்பிடுதேன். சொந்த ஊர்லயுமா? அவ பக்கத்துல ஒரு இலை போடுங்க."

போட்டேன். பெண்கள் சிரித்தார்கள். அந்த அம்மா அவர் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தார்.

கடைசிப் பந்தியில் சாப்பிட உட்கார்ந்திருந்த என் மனைவி பக்கத்தில் நான் போய் நின்றேன். "உங்களுக்கு இங்கன என்ன சோலி?" என்றவள், நகர்ந்து இடம் விட்டாள்.