ஸ்கேன் ஜீப்பு

யேசுரத்தினத்தின் ஜீப்புக்கு முன்கண்ணாடியில் 'எபினேசர்' என்று பெரிதாக எழுதியிருக்கும். ஆனால் மலையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஸ்கேன் ஜீப்பு என்றால்தான் பிள்ளைகளுக்கும் தெரியும். பேச்சிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற அந்தக் குடியிருப்பில் எவனாவது மரத்திலிருந்து விழுந்தாலும் சரி, எவளுக்காவது வயிற்றில் கட்டி என்று டாக்டர் சந்தேகப்பட்டாலும் சரி, முதலில் கூப்பிடுவது கர்த்தரை, அடுத்தது யேசுரத்தினத்தை.

வேறு யாரைக் கூப்பிட? மலையில் காய்ச்சலுக்கு மாத்திரை கிடைக்கும், நாய் கடித்தால் ஊசி கிடைக்கும். மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற மெஷின் மட்டும் கிடையாது. அதெல்லாம் நாகர்கோவிலில், ஒரே தெருவில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறது. ஒரு சென்டரில் தும்மினால் அடுத்த சென்டரில் கேட்கும், அவ்வளவு நெருக்கம். மலையில் இருக்கிறவனுக்குத் தலையே கிடையாது என்று எந்தப் புண்ணியவான் முடிவு பண்ணினானோ! விழுகிறவர்கள் மேலே இருக்கிறார்கள், மெஷின்கள் கீழே இருக்கின்றன. நடுவில் குண்டும் குழியுமாக ஒரு ரோடு, அதில் யேசுரத்தினம்.

அவருக்கு ஒரு முறை இருந்தது. எங்கே போனாலும் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்தில் போய் நின்றால் டோக்கன், வரிசை, 'உட்காருங்க', 'நாளைக்கு வாங்க' என்று இழுத்தடிப்பார்கள்; இதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். நாகர்கோவில் தெருவின் கடைசி சென்டரில் மெஷின் ஓட்டுகிற ஜெஃப்ரின், அவருடைய சபைக்காரர் ஒருவரின் மகன். யேசுரத்தினம் மலையிறக்கத்தில் ரேஞ்சு கிடைக்கிற வளைவிலிருந்து ஒரு போன் போட்டால் போதும், பின்வாசல் திறந்திருக்கும். மலைக்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவரும் அதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொள்வார்.

"ஊர்ல உள்ளவனுக்க மண்டைக்குள்ள இருக்கியது எல்லாம் இவருக்குத் தெரியும்," என்பாள் அவர் மனைவி லீலாபாய். "வீட்டுல அரிசி தீந்தது மட்டும் தெரியாது."

லீலாபாய்க்கு வாய் ஓயாது. சபையில் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபிக்க ஆரம்பித்தால் போதகரே கடிகாரத்தைப் பார்ப்பார். ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைக்கூடு வரைக்கும் கேட்கிற குரல். அந்தக் குரலைக் கேட்டுக்கேட்டு, அது இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று யேசுரத்தினம் ஒருநாளும் நினைத்ததே இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. எஸ்டேட் ஆட்களை இறக்கிவிட்டு அவர் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு ராஜி முற்றத்தில் நின்று அலறிக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்படியில் லீலாபாய் சரிந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்கிவிட்டால் அது தொப்பென்று விழுந்தது. எப்போது விழுந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அடுப்பில் வைத்த மரச்சீனிக் கிழங்கு கரியாகி, அடுப்பும் அணைந்துபோயிருந்தது.

அவர் இப்படிக் கோணிய வாயோடு எத்தனையோ பேரை இதே ஜீப்பில் இறக்கியிருக்கிறார். ராஜியைப் பின்னால் ஏற்றி, லீலாபாயின் தலையை அவள் மடியில் வைத்து வண்டியை எடுத்தார். ரேஞ்சு கிடைக்கிற வளைவு வந்ததும் ஜெஃப்ரினைக் கூப்பிட்டார்.

"மாமா, பதறாதீங்க, நேரே இஞ்ச வாங்க. நான் வேற ஆள ஏத்தாம மெஷின ஒழிச்சுப் போட்டிருக்கேன்," என்றான் ஜெஃப்ரின். "ரத்தக் கட்டா இருந்தா அது அலிஞ்சு கரையதுக்கு ஒரு ஊசி உண்டு. ஆனா மண்டைய ஸ்கேன் பண்ணிப் பாக்காம போட முடியாது. நேரம் போச்சுன்னா அதுவும் போட முடியாது. வெக்கம் வாங்க."

வெக்கமா? வேகமாகத்தான் போனார். ஆக்சிலேட்டரை மிதித்த காலை எடுக்கவில்லை. திருவட்டாறில் முன்னால் போன பஸ்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், அடுத்த மூச்சிலேயே "கர்த்தாவே மன்னியும்" என்றார். "எனக்க லீலாவ விட்டுடாதயும் சாமி, அவ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது," என்று வாய்விட்டே கேட்டார். பின்னால் ராஜியும் அவள் கும்பிடுகிற முத்தாரம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு யார் கேட்டாலும் போதும் என்றிருந்தது.

தக்கலைக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம் ஒரு கண்ணாடிக் கட்டிடம். சமீபத்தில் திறந்தது. 'ஸ்கேன்' என்று சிவப்பு எழுத்தில் ஆளுயர போர்டு. பக்கத்திலேயே அதே சென்டர்காரர்களின் சின்ன ஆஸ்பத்திரி.

"மாமா, இஞ்ச ஸ்கேன்னு போட்டிருக்கே, காட்டிப் பாப்பமா?" என்றாள் ராஜி.

"சும்மா கெட பிள்ளே. இஞ்ச நமக்கு ஆரத் தெரியும்? போன மாசம் அந்தோணிய கொண்டு வந்தப்போ மத்தியானம் வரைக்கும் பெஞ்சில இருத்தி வச்சான் இவன். அங்க ஜெஃப்ரின் மெஷின ஒழிச்சு வச்சிட்டு நிக்கான்."

அப்போதுதான் அவர் முதுகில் அடி விழுந்தது. லீலாபாய் இடது கையால் சீட்டைத் தாண்டி அவரைத் தட்டிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து கிளம்பியதுமுதல் குழறலைத் தவிர ஒன்றும் வராத வாயிலிருந்து ஒரு சொல் முழுசாக வந்தது.

"நிப்பாட்டும்."

அவர் கண்ணாடியில் பார்த்தார். அவள் கண் அந்த சிவப்பு போர்டில் இருந்தது.

"நிப்பாட்டும்."

"இன்னா வந்திட்டு லீலா, கொஞ்சம் பொறு. நல்ல எடத்துக்குத்தான் கொண்டு போறேன்," என்றார் யேசுரத்தினம். கால் பிரேக்குக்குப் போகவில்லை. போர்டு பின்னால் போய்விட்டது.

தக்கலையில் அரண்மனை பார்க்க வந்த டூரிஸ்ட் பஸ்கள் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றன. அதைத் தாண்டினால் வில்லுக்குறியில், கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகிற டாரஸ் லாரி ஒன்று அச்சு முறிந்து நடுரோட்டில் உட்கார்ந்திருந்தது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. அவர் இறங்கி ஓடினார். ஒவ்வொரு டிரைவரிடமும் கையைக் கூப்பினார். "வண்டில எனக்க வீட்டுக்காரி கெடக்கா சாரே, கொஞ்சம் ஒதுக்கித் தாங்க." எல்லாரும் பாவம், ஒதுக்கத்தான் பார்த்தார்கள். ஒதுங்க இடம் வேண்டாமா? திரும்பி அந்தக் கண்ணாடிக் கட்டிடத்துக்கே போகலாம் என்றாலும் வண்டி திரும்பாது. ஜீப்பின் பானட்டில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

நாகர்கோவிலில் பின்வாசல் திறந்தே இருந்தது. சொன்னது சொன்னபடி ஜெஃப்ரின் ஸ்ட்ரெச்சரோடு நின்றான். ஒரு நிமிடம்கூட வரிசையில் நிற்கவில்லை. படம் வந்ததும், பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரத்தக் கசிவு இல்ல, அடைப்புதான். ஆனா இடது பக்கத்துல அந்த மூளைப் பகுதி ஏற்கெனவே செத்துட்டுது. இப்ப ஊசி போட்டா ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் முன்னால படம் எடுத்திருந்தா போட்டிருக்கலாம். எந்த வழியா வந்தீங்க?"

"தக்கலை வழியா."

"அங்க வழியிலயே ஒரு சென்டர் இருக்கே. டாக்டரும் இருப்பார். அங்க காட்டலையா?"

ஜெஃப்ரின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். "போன்ல நானாவது சொல்லியிருக்கலாம் மாமா," என்றான். "எனக்கும் தோணல்ல."

லீலாபாய் பிழைத்துக்கொண்டாள். வலது பக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. ஒரே ஒரு சொல்லைத் தவிர. இந்த நோயில் சிலருக்கு அப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், அவர்கள் நினைத்துச் சொல்வதில்லை, வாய்க்கு வேறு வராது, அவ்வளவுதான் என்று டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். ராஜியும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். யேசுரத்தினம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மலைக்கு இன்னும் மெஷின் வரவில்லை. ஆட்கள் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவரும் ஜீப்பை எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் ஜெஃப்ரினைக் கூப்பிடுவதில்லை. வழியில் முதலில் எந்த போர்டு தெரிகிறதோ அங்கே நிறுத்துகிறார், டோக்கன் வாங்கி வரிசையில் நிற்கிறார்.

லீலாபாய்க்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும், முதுகு நோகிறதென்றாலும், சபையார் வந்து ஜெபித்தால் ஆமென் சொல்லவும் அந்தச் சொல்தான். அவர் முற்றத்தில் வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டாலும் உள்ளேயிருந்து அதே பழைய குரல், புகைக்கூடு வரைக்கும் கேட்கிற மாதிரி வரும்.

"நிப்பாட்டும்."

யேசுரத்தினம் சாவியைத் திருப்பி என்ஜினை அணைக்கிறார். "நிப்பாட்டிட்டேன் லீலா, நிப்பாட்டிட்டேன்," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தடவையும் உள்ளே ஓடுகிறார்.