படார் மெதுவாகச் சாத்திய கதவு

பட்டறைத் தெருவில் அவருக்குப் படார் என்றுதான் பெயர். கார்களுக்கு ஒயரிங் பார்க்கிற மனிதர். முப்பது வருஷமாக அதே தகரக் கூரை, அதே எண்ணெய்ப் பிசுக்கு மேசை. வேலை முடிந்ததும் வண்டிக் கதவைப் படாரென்று அறைந்து சாத்தினால்தான் அவருக்குத் திருப்தி. பக்கத்துப் பட்டறையில் வண்டி நெளிவு எடுக்கிற டிங்கர்காரர் அந்தச் சத்தம் கேட்டதும், "ஒரு வண்டி தேறிடுச்சு" என்பார். வீட்டிலும் இதே கதைதான். வாசல் கதவு அதிர்ந்தால் சமையலறையிலிருந்து மனைவி, "வந்தாச்சா? கையக் கழுவிட்டு வாங்க" என்பாள். தலையை நீட்டி யாரென்று பார்க்கிற வழக்கமே கிடையாது. மகளும் அப்பனை உரித்து வைத்தவள். பள்ளிக்கூட வயதில் அவள் அறைக்கதவைச் சாத்தினால் சுவரிலிருக்கிற காலண்டர் கீழே விழும். சின்னப் படார் என்று கூப்பிடுவார்கள்.

அந்த மகளின் கார்தான் இப்போது படாரின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் வேலை. காலை ஆறு மணிக்கு அதைத் திறக்கிற சாவி அவள் கையில் இருந்தது. வெறும் வயிற்றோடு வருகிற சர்க்கரை நோயாளிகள் அதற்கு முன்பே வாசலில் வந்து நிற்பார்கள். வண்டி கிளம்பாமல் மூன்று தடவை தாமதமாகப் போய்விட்டாள். "இன்னொரு தடவை லேட் ஆச்சுன்னா சாவிய வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன்மா. அப்புறம் நீ வேற எடம் பாத்துக்க" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மூன்று தடவையும் பேட்டரி செத்துக் கிடந்தது. மூன்று தடவையும் பார்த்தது யார்? சாட்சாத் படார்தான்.

கார்க் கதவின் ஓரத்தில் சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். அதுதான் கதவு சுவிட்ச். கதவு அதை அமுக்கினால் கூரை விளக்கு அணையும். சரியாக அமுங்காவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருந்து பேட்டரியை உறிஞ்சிவிடும். படாருக்குத் தூக்கத்தில்கூடப் பார்க்கத் தெரிந்த வேலை. முதல் தடவை சுவிட்சையே மாற்றினார். விரலால் அமுக்கினார், விளக்கு அணைந்தது. கதவை அறைந்தார், அணைந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தார், ஒரு சொட்டு மின்சாரம் கசியவில்லை. நாலு நாள் கழித்து பேட்டரி காலி.

இரண்டாம் தடவை, சுவிட்ச் பொருந்துகிற இடத்தில் துருவைச் சுரண்டினார். மூன்றாம் தடவை ஒயரை முழுக்கப் பிரித்து அங்குலம் அங்குலமாகத் தடவினார். எங்கேயும் வெட்டு இல்லை, கீறல் இல்லை. கதவை அறைந்தால் விளக்கு சமத்தாக அணைந்தது. பட்டறையில் இருக்கும்வரை அந்த வண்டி அப்படியொரு நல்ல பிள்ளை! மகள் வீட்டுக்குப் போனதும் வேலையைக் காட்டியது.

"வண்டிக்குப் பேய் புடிச்சிருச்சா, உங்களுக்கா?" என்றார் டிங்கர்காரர்.

"யோவ், வாய மூடுய்யா. நானே மண்டை காஞ்சு நிக்கிறேன்."

உண்மையிலேயே காய்ந்துதான் போயிருந்தது. தனக்கு வயசாகி மூளை மழுங்கிவிட்டதோ என்று பயம் வந்தது. ஊரார் வண்டியெல்லாம் ஓடுகிறது, பெற்ற மகளின் வண்டி நிற்கிறது, என்ன கண்றாவி இது! அந்த வண்டியைப் பழசாக வாங்கியபோது, மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று நாலு கதவுக்கும் தடித்த புது ரப்பர் பார்த்துப் பார்த்து ஒட்டியவர் அவர்தான். வேறு யாரையாவது குறை சொல்லவும் வழியில்லை.

கடைசியில், வண்டி நிற்கிற இடத்தையே பார்த்துவிடலாம் என்று ஒருநாள் மத்தியானம் மகள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை வேலைக்காக வெளியூரில் இருந்தார். சம்பந்தியம்மாள் கதவைத் திறந்து, "வாங்க சம்பந்தி" என்று உதட்டுக்குள் சொன்னாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். அதோடு சரி.

படார் சுற்றிலும் பார்த்தார். பட்டப்பகலில் ஜன்னல்களில் திரை. டீவியில் ஆட்கள் வாயை அசைத்தார்கள், சத்தம் இல்லை. நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றியிருந்தது. இவர் லேசாகத் தொண்டையைச் செருமினார், சம்பந்தியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இதென்னடா வீடு, மூச்சு விடவும் அனுமதி வாங்க வேண்டுமா? என் மகள் எப்படி இங்கே குப்பை கொட்டுகிறாள்? வந்த வேலையே அவருக்கு மறந்துவிட்டது.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். வீட்டுச் சுவரை ஒட்டி, சம்பந்தியம்மாளின் அறை ஜன்னலுக்குக் கீழே வண்டியை நிறுத்தினாள். படார் வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கினாள். இரண்டு உள்ளங்கையையும் கதவில் பதித்தாள். இடுப்பையும் சேர்த்துக் கொடுத்து மெல்ல, மெல்லத் தள்ளினாள். 'க்ளிக்' என்றுகூடக் கேட்கவில்லை. அப்புறம் வெயில் உறையை விரித்து வண்டியைப் போர்த்தப் போனாள்.

"இரு, இரு!" ஓடிப்போய் உறையை விலக்கிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினார். உள்ளே, அந்த வெயிலில் கண்ணுக்கே தெரியாத மாதிரி, கூரை விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

கதவைப் பிடித்து இழுத்தார். நன்றாகத்தான் பூட்டியிருந்தது. ஆனால் அவர் ஒட்டிய தடித்த ரப்பர் கதவை ஒரு நூல் வெளியே தள்ளி நிறுத்தியிருந்தது. அறைந்தால்தான் ரப்பர் நசுங்கும், குமிழ் முழுக்க அமுங்கும். பட்டறையில் அறைந்து அறைந்து பார்த்தவருக்கு இது எப்படித் தெரியும்? ராத்திரி உறை மறைத்துவிடும், காலையில் விளக்கும் பேட்டரியோடு செத்திருக்கும், இவளுக்கும் தெரிந்திருக்காது.

கோளாறு பிடிபட்டுவிட்டது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மகள் அந்தக் கதவைத் தள்ளிய விதம்தான் கண்ணுக்குள் நின்றது.

"ஏம்மா," என்றார் குரலை இறக்கி, "நீ எப்பலேர்ந்து கதவ இப்படிச் சாத்துற? யாராவது உன்னைத் திட்டினாங்களா? மறைக்காம சொல்லு. அப்பாகிட்ட சொல்லு."

மகள் முழித்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ அப்பா! அத்தைக்கு ஒத்தத் தலைவலி. சத்தம் கேட்டா ரெண்டு நாள் எந்திரிக்க மாட்டாங்க, வாந்தியா எடுப்பாங்க. வந்த புதுசுல நான் நம்ம வீட்டு மாதிரி ஒரு அறை அறைஞ்சேன். அவங்க ஒண்ணுமே சொல்லல, பாத்ரூம்ல போயி உக்காந்துட்டாங்க. அப்புறம் நானாத்தான் பழகிக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லலியேம்மா."

"வண்டி ரிப்பேருக்கும் அத்தை தலைவலிக்கும் என்னப்பா சம்பந்தம்?"

மேலே ஜன்னல் திரை அசைந்தது. கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மாள் வெளியே வந்தாள். வெயில் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள்.

"எனக்காகவா வண்டி நின்னுச்சு?" என்றாள். "இத்தனை நாளா உன் வேலை ஊசலாடுது, எனக்காகவாடி?"

"அத்தை, நீங்க உள்ள போங்க, வெயில்..."

அவள் கேட்கவில்லை. கார்க் கதவைத் திறந்தாள். ஒரு கையால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு மறு கையால் அறைந்தாள், படார்! தெருமுனை வரை கேட்டிருக்கும். விளக்கு அணைந்தது. சம்பந்தியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"இனிமே இப்படித்தான் சாத்தணும்," என்றாள் மூச்சு வாங்கியபடி. "சாவி கை மாறக்கூடாது."

படாருக்கு அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. இந்த மனுஷியையா கொடுமைக்காரி என்று நினைத்தோம்? கூசிப் போனார்.

"வேண்டாம் சம்பந்தியம்மா," என்றார். "கதவு யாரையும் 'அறைஞ்சு சாத்து'ன்னு சொல்லக்கூடாது. அத நான் பாத்துக்கறேன்."

பையிலிருந்து ரப்பர்த் துண்டொன்றை எடுத்து, ஒரு நாணயத்தின் தடிமனுக்குச் சீவினார். கதவில், குமிழ் வந்து முட்டுகிற இடத்தில் பசை போட்டு ஒட்டினார். பதினைந்து நிமிஷ வேலை. இனி சோதிக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல்! மெதுவாகச் சாத்தினால் விளக்கு அணைகிறதா என்று பார்க்க வேண்டும், அவருக்கோ மெதுவாகச் சாத்தவே வரவில்லை. முதல் தடவை கை பழக்கத்தில் ஓங்கிவிட்டது, மகள் பாய்ந்து பிடித்தாள். இரண்டாம் தடவை கதவு பூட்டவே இல்லை.

"ரெண்டு கையையும் வைங்கப்பா. தள்ளாதீங்க. சாயுங்க, அவ்வளவுதான்."

மூன்றாம் தடவை கதவு சத்தமில்லாமல் போய்ப் பொருந்தியது. விளக்கு அணைந்தது. அவர் பத்துத் தடவை அப்படியே சாத்திப் பார்த்தார். பத்துத் தடவையும் அணைந்தது.

அதற்குப் பிறகு பேட்டரி சாகவில்லை, சாவியும் மகளிடமே இருக்கிறது.

வண்டியைச் சரிசெய்த அன்று சாயங்காலம் படார் தன் வீட்டுக்குப் போனார். வாசல் கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, சாய்ந்து, சாத்தினார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"யாரது?" என்றாள் மனைவி, பயந்த குரலில்.

"நான்தான்," என்றார் அவர். அவள் கரண்டியோடு வெளியே வந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.