கிணற்றில் இறங்கிய சத்தமில்லா மெஷின்

கட்டுமான மெஷின்களை வாடகைக்கு விடும் தொழிலில் வாங்குகிறவர் ஓட்ட மாட்டார், ஓட்டுகிறவர் வாங்க மாட்டார், வாடகைக்கு எடுத்து உடைத்தவரோ ரெண்டு பேரையும் எங்கேயும் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்களுக்கு ஒரு யார்டு இருக்கிறது. மண் வெட்ட, பாறை உடைக்க, ரோடு போட என்று வகைவகையாக மெஷின்கள் நிற்கும். வாடகைக்கு எடுக்கும் பார்ட்டிகளிடம் பேசுவது, வசூல், சண்டை, சமாதானம் எல்லாம் என் வீட்டுக்காரர் துறை. புதுசாக எந்த மெஷின் வாங்கலாம் என்று ஓட்டிப் பார்த்து, உலுக்கிப் பார்த்து, தரையில் படுத்து அடிவயிற்றையும் பார்த்து முடிவு சொல்வது என் துறை. இதே தொழிலில் கிடந்து வேகும் சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். தப்பான மெஷினை வாங்கிவிட்டால் அது வாடகைக்கும் போகாது, விலைக்கும் போகாது. தினமும் காலையில் கேட்டைத் திறந்தால் எதிரே நின்று நம் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அதற்காக என்னைப் பெரிய கறார் பேர்வழி என்று நினைத்துவிடாதீர்கள். புது மெஷினைக் கண்டால் எனக்கு இன்னமும் புல்லரிக்கும். வயசு நாற்பதைத் தாண்டியும் இந்த வியாதி போகவில்லை.

வாயை மூடிக்கொண்டு பார்

டெமோவுக்குப் போனால் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள வேண்டும். "ம், பரவாயில்லை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரக் கூடாது. நாம் அசந்துபோனது தெரிந்துவிட்டால் பேரம் அத்தோடு செத்தது. ஆளை உயரத்துக்குத் தூக்கிப் போகும் பூம் லிஃப்ட் ஒன்றைப் பார்க்கப் போனபோது, வழி பூராவும் என் வீட்டுக்காரர் இதையே ஓதிக்கொண்டு வந்தார். நானும் தலையாட்டிக்கொண்டு வந்தேன். கூண்டுக்குள் ஏறி பெல்ட்டை மாட்டினேன். டீலரிடம் சேல்ஸ் பார்க்கும் விக்னேஷ் தம்பி லீவரைத் தொட்டார்.

அவ்வளவுதான். தென்னந்தோப்பு காலுக்குக் கீழே போய்விட்டது. பஞ்சு மில்லின் கூரை கைக்குட்டை மாதிரி கிடந்தது. மேற்கே திரும்பினால் குருடிமலை! தினமும் பல் தேய்க்கும்போது பார்க்கிற மலைதான். ஆனால் அன்றைக்குத்தான் அதை நேருக்கு நேர் பார்த்தேன். இடுப்பில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு அது பாட்டுக்கு நிற்கிறது. "அய்யோ சாமி!" என்று நான் போட்ட சத்தம் கீழே நின்ற என் வீட்டுக்காரருக்குக் கேட்டது. அவருக்குப் பக்கத்தில் நின்ற டீலரின் மேனேஜருக்கும் கேட்டது.

நான் இறங்கி வந்ததும், விலையில் ஒரு பைசா குறையாது என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். திரும்பி வந்து யார்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார்: "சுமதி, இனிமே டெமோவுக்குப் போறதுன்னா மாஸ்க் போட்டுட்டுப் போ. வாயப் பொளக்கறதாச்சும் வெளிய தெரியாம இருக்கும்."

பொட்டு வைத்த ரோலர்

புதுசாக வந்த ரோடு ரோலர் ஒன்றை ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று விக்னேஷ் யார்டில் இறக்கிவிட்டுப் போனார். நான் உள்ளே ஒரு போன் பேசிவிட்டு வருவதற்குள் எங்கள் ஆட்கள் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, உருளைக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார்கள். "இது நம்முளுது இல்லப்பா, பாக்கறதுக்கு வந்த வண்டி!" என்று கத்தினேன். "வண்டி ஆரோடதா இருந்தா என்னுங்க, ஏறப்போறது நாமதானுங்களே" என்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தேங்காயை நானே எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் ஆபரேட்டர்களில் மூத்தவர் ஆரோக்கியண்ணன். போத்தனூர்க்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருக்க மாட்டார். அவர் தன் பங்குக்கு ஸ்டீயரிங் மேல் ஒரு சிலுவை போட்டுவிட்டு ஏறினார். என்ன ரோலர் என்கிறீர்கள்! அது போன இடத்தில் மண் அப்படியே வழித்துவிட்ட மாதிரி கிடந்தது. நான் அதன் மேல் செருப்பில்லாமல் நடந்து பார்த்தேன். ஆனாலும் எங்களிடம் வருகிற வேலைக்கு அது பெரிசு என்று திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

அடுத்த நாள் காலையில், அதே ரோலரை வேறொரு பார்ட்டிக்குக் காட்டப் போன விக்னேஷ் திருப்பூரிலிருந்து போன் செய்தார். குரல் அழுகிற மாதிரி இருந்தது: "மேடம், இங்க பார்ட்டி சந்தனத்தைப் பார்த்துட்டு இது செகண்ட் ஹேண்ட் வண்டின்னு சாதிக்கறார். நீங்க வச்ச குங்குமம் எதுல தொடச்சா போகும்னு மட்டும் சொல்லுங்க."

கிணற்றுக்குள் நிற்கும் புகை

இதுவரை சொன்னது சிரிக்கிற கதை. இனிமேல் சொல்வது அப்படியில்லை.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் கீழே போகப் போகக் கிணற்றையும் கீழே கீழே வெட்டிக்கொண்டு போகிறோம். குட்டி எக்ஸ்கவேட்டர் ஒன்றைக் கிரேனில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். அது அடியில் நின்று வெட்டும். வெட்டின மண்ணும் கல்லும் இரும்புத் தொட்டியில் ஏறி மேலே வரும். அத்தனை எடையுள்ள மெஷின் கம்பிக்கயிற்றில் ஆடி ஆடி பூமிக்குள் இறங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இன்னமும் அந்த நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். ஆரோக்கியண்ணன் அந்த வேலைக்கென்றே பிறந்தவர். வேறு வேலைக்குக் கூப்பிட்டால் கால் வலிக்கிறது என்பார், கிணறு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார்.

ஆனால் டீசல் புகை இருக்கிறதே, அது மேலே வராது. கிணற்றுக்குள்ளேயே தேங்கி நிற்கும். காற்று ஊதுகிற ஃபேன் வைத்தும் பாதிதான் போகும். வருஷக்கணக்காக அதைக் குடித்துக் குடித்து அண்ணனுக்கு இருமல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. இனிமேல் புகைக்குள் இறங்கினால் என்னிடம் வராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரோட்டு வேலைப் புழுதியும் ஆகாது என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. யார்டிலேயே வாட்ச்மேனாக உட்கார்ந்துவிடுங்கள், சம்பளம் குறையாது என்று சொன்னேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அந்த மனுஷனின் முகம் அப்படியே செத்துப்போனது. கேட்டைக் கையால் காட்டிச் சொன்னார்: "அம்மணி, அடுத்தவன் ஓட்டிட்டுப் போற மெஷினுக்கு நான் கேட்டத் தெறந்து விடறதுங்களா? அதுக்கு நீங்க என்னை ஊட்டுக்கே அனுப்பிப்போடுங்க."

ஓடுதா, ஓடலையா?

புகையே இல்லாத மெஷின் ஒன்று வேண்டும் என்று நான் விக்னேஷைப் பிடுங்கி எடுத்தேன். ஒரு நாள் லாரியில் பேட்டரியில் ஓடும் குட்டி எக்ஸ்கவேட்டர் வந்து இறங்கியது. விக்னேஷ் சாவியைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. "ஸ்டார்ட் ஆகலையே தம்பி" என்றார் என் வீட்டுக்காரர். "ஆயிடுச்சு சார்" என்றார் விக்னேஷ். சொல்லி முடிப்பதற்குள் மெஷினின் கை நீண்டு, பக்கெட் மண்ணுக்குள் இறங்கி, ஒரு வாய் அள்ளிக்கொண்டு எழுந்தது. வேப்பமரத்தில் காக்கா கரைவது கேட்டது! மெஷின் மண் வெட்டும்போது காக்கா கரைந்து என் ஆயுசில் நான் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாயைப் பிளந்தேனா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அசராமல் நின்றவர் ஒரே ஒருத்தர்தான். யாருக்காக இத்தனை பாடுபட்டேனோ அந்த ஆரோக்கியண்ணன்! ஏறி உட்கார்ந்து கொஞ்சம் வெட்டிப் பார்த்தார், இறங்கிவிட்டார். எஞ்சின் திணறுகிற சத்தத்தை வைத்துத்தான் அடியில் பாறை இருக்கிறதா, மண் இருக்கிறதா என்று அவர் கண்டுபிடிப்பாராம். இதில் காதை அடைத்துவிட்ட மாதிரி இருக்கிறதாம். "எனக்கு ஆகாதுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏனுங்கண்ணா, கேட்டு வேலையும் வேண்டாம், இதுவும் வேண்டாமென்றால் நான் என்னதான் செய்வது என்று எல்லார் முன்னாடியும் கத்திவிட்டேன். கடைசியில் ஒரே ஒரு கிணறு இறங்கிப் பாருங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்தேன். புகை இல்லாவிட்டால் ஒரு நாள் பார்க்கலாம் என்று டாக்டரும் சொன்னார்.

என் வீட்டுக்காரருக்கு வந்ததோ வேறு கவலை: "நீ வேணா பாரு சுமதி, சத்தமே கேக்கலீன்னா, மெஷினு நாள் பூரா சும்மாதான நின்னுதுன்னு பார்ட்டி வாடகைல கை வெப்பான்."

ரங்கசாமியண்ணன் கிணறு

காரமடை பக்கம் ரங்கசாமியண்ணன் தோட்டத்துக் கிணறு. அவர் எங்களுடைய பழைய பார்ட்டி. காலை வெயிலில் அந்த மஞ்சள் மெஷின் கிரேனில் தொங்கிக்கொண்டு கிணற்று வாய்க்கு மேலே ஒரு சுற்று சுற்றியது. தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். மெஷின் தரை தட்டியதும், ஆளை இறக்கும் கூண்டில் ஆரோக்கியண்ணன் இறங்கினார். ரெண்டு தடவை இருமினார். இது சரிப்படவில்லை என்றால் அவருக்கு வாட்ச்மேன் வேலைதான் கதி. இப்படி ஒரு பரீட்சையை நான் எந்த மெஷினுக்கும் வைத்ததில்லை.

ஒரு விஷயம் எங்கள் யாருக்குமே உறைக்கவில்லை. கிணற்று வேலையில் கிரேன் ஓட்டுகிறவர் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், காதைத்தான் தீட்டி வைத்திருப்பார். எஞ்சின் உறுமினால் மெஷின் வெட்டுகிறது. உறுமல் தணிந்தால் மெஷின் கையை மடக்கிவிட்டது, மண் தொட்டியை இறக்கலாம். கிரேன் ஓட்டும் செந்திலுக்கு வருஷக்கணக்கில் அதுதான் பழக்கம். அன்றைக்குச் சத்தமே இல்லை. வேலை நின்றுவிட்டது என்று நினைத்துத் தொட்டியை இறக்கிவிட்டார். கீழே மெஷின் கையை வீசித் திரும்பிக்கொண்டிருக்கிறது! "ஏய்ய்!" என்று ஒரு அலறல். மெஷினின் கை தொட்டியை உரசிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளி வந்திருந்தால் தொட்டி அண்ணன் தலைமேல்.

"போதும், மேல வாங்கண்ணா! இந்த மெஷினே வேண்டாம்!" என்று கத்தினேன். விக்னேஷ் தலையைக் குனிந்துகொண்டார். சைகைக்கு உதவுமா என்று மெஷினின் ஹார்னை அடித்துப் பார்த்தார்கள். அது கிணற்றுக்குள் நாலு பக்கமும் மோதி, அடித்து முடித்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது. போனில் பேசலாமென்றால் அண்ணனின் ரெண்டு கையும் லீவரில் இருக்கிறது. மேலே நாங்கள் இப்படி ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. கத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசினார் ஆரோக்கியண்ணன். "அம்மணி, செத்த இருங்க. நான் பேசறது மேல கேக்குதுங்களா?"

மெஷின் ஓடும் கிணற்றுக்குள்ளிருந்து மனுஷக் குரல் மேலே வந்து நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. "கேக்குதுங்கண்ணா!" என்றேன். "அப்பச் செரி. கை ஓடற வரைக்கும் நான் பாடிட்டே இருக்கறேன். பாட்டு நின்னா தொட்டிய எறக்கச் சொல்லுங்க."

பாடினார். மாதா பாட்டு ஒன்று. சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. ஆனால் அந்தக் கிணறு அதை வாங்கி, பெரிசாக்கி, மேலே அனுப்பியது. பாட்டு நின்றால் தொட்டி இறங்கும், மண் நிரம்பித் தொட்டி ஏறினால் பாட்டு கிளம்பும். முதலில் ரெண்டு வரிக்கு ஒரு தடவை இருமல் குறுக்கே வந்தது. இருமினால் கையையும் நிறுத்திக்கொள்வார், செந்திலும் தவறாமல் தொட்டியை இறக்குவார், அண்ணன் அதைக் காலியாகவே திருப்பி அனுப்புவார். போகப் போகக் காலித் தொட்டி வருவது குறைந்தது. ஒரு முழுப் பாட்டு வந்தது. அப்புறம் இன்னொன்று. களை எடுக்கிற பெண்கள் கிணற்றோரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நான் எத்தனையோ மெஷின் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கிணற்று மேட்டில் கைகூப்பத் தோன்றிய மாதிரி எங்கேயும் தோன்றியதில்லை.

மதியத்தோடு பேட்டரி தீர்ந்தது. அண்ணன் மேலே வந்து முகத்தைத் துண்டால் துடைத்து, அதை என்னிடம் விரித்துக் காட்டினார். செம்மண் இருந்தது, கரி இல்லை. அரை நாள்தான் வேலை நடந்தது என்று ரங்கசாமியண்ணன் சண்டைக்கு வருவார் என நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு: "ஏன் கண்ணு, நாளைக்கும் இவருதான வருவாரு? கடைசிப் பாட்டு பாதிலயே நின்னுபோச்சுன்னு பொம்பளைக கேக்கறாங்க."

யார்டுக்குத் திரும்பியதும் நான் நேராகவே கேட்டேன். என்னங்கண்ணா, இந்த மெஷின் வேணுமா, வேண்டாமா? அவர் மெஷினின் கையைத் தட்டிக்கொடுத்தார். "அது ஊமைதானுங்கம்மணி. இருந்துட்டுப் போகுது, எங்க ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கறேன்."

எத்தனை டன் தூக்கும், எத்தனை மணி நேரம் ஓடும் என்று பார்த்துப் பார்த்து மெஷின் வாங்குகிற சக பாவிகளே, எங்கள் யார்டில் இப்போது கிணற்று வேலைக்கு ஆபரேட்டர் யார் வந்தாலும் லைசென்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு பாட்டுப் பாடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.