படிவத்தில் நான் போடச் சொன்ன 'இல்லை'

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் சூளையில் கல் சுமந்து வளர்ந்தேன். முதல் செருப்பு வாங்கியதே என் கல்யாணத்துக்குத்தான். இன்றைக்குத் திருப்போரூர் ரோட்டில் எனக்குச் சொந்தமாக ஹாலோ பிளாக் கம்பெனி இருக்கிறது. மூன்று லாரி ஓடுகிறது. ஊரப்பாக்கத்தில் மாடி வீடு. ஒரே மகள் ரெபேக்காவை எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தேன். நம் சபையின் காம்பவுண்டு சுவரில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் என் யார்டில் அச்சில் போட்டது. பெருமைக்குச் சொல்கிறான் என்பீர்கள். ஆமாம், இத்தனை வருடமும் பெருமைக்குத்தான் சொன்னேன். இன்று நம் சபைப் பத்திரிகையில் வெட்கத்தோடு ஒன்று சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெருமைகளில் பெரியது உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ரெபேக்காவுக்குப் பத்து வயதில் கடுமையான மூச்சிளைப்பு. உபவாச ஜெபத்துக்கு அவளைத் தோளில் தூக்கி வந்தேன். சபையே அழுது ஜெபித்தது. அன்று சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். 'அன்றைக்குப் போன இளைப்பு இன்றுவரை திரும்பவில்லை' என்று எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்! அவளையும் எழுந்து நிற்கச் சொல்லிக் காட்டுவேன். நீங்களும் கை தட்டுவீர்கள்.

போன வருடம் எங்கள் கல்யாண நாளுக்கு ஊட்டி போகலாம் என்றாள் என் மனைவி எஸ்தர். நான் அந்தமான் என்றேன். சிமெண்டு வியாபாரி ஒருவர் தன் போனில் காட்டியிருந்தார். கடலுக்கு அடியில் பவளப்பாறை. கலர் கலராக மீன். நடுவில் மனுஷன் முதுகில் சிலிண்டரோடு மூச்சு விட்டுக்கொண்டு போகிறான். பார்த்ததும் எனக்குள் ஒரு ஆசை விழுந்தது. இளைப்புப் பிடித்த பிள்ளை கடலடியில் மூச்சு விட்டால், அது எப்பேர்ப்பட்ட சாட்சி! விமான டிக்கெட்டும் போட்டேன். யார்டில், சபையில், டீக்கடையில், யாரையும் விடாமல் சொல்லிவிட்டேன்.

அந்தமானில் முங்குவதற்கு முன் இங்கேயே நீச்சல் குளத்தில் பழகிக்கொள்ளலாம் என்றார்கள். திருவிடந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் சொல்லிக் கொடுக்கிறார். அவர் உடம்பு விவரம் கேட்டு ஒரு படிவம் அனுப்பினார். இங்கிலீஷ். ரெபேக்காதான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். நெஞ்சு வலி உண்டா, வலிப்பு உண்டா என்று வரிசையாக வந்தது. எல்லாவற்றுக்கும் 'இல்லை'. ஒரு கேள்வியில் அவள் பேனா நின்றது.

"ஆஸ்துமா, வீசிங் எப்பவாவது இருந்துச்சான்னு கேட்டுகீதுப்பா. எஸ் போட்டா டாக்டர் லெட்டர் வேணுமாம்."

"நோ போடு. இதுல இன்னா யோசனை?"

"இருந்துச்சே..."

"எஸ்னு போட்டா ஆண்டவர் செஞ்சத இல்லன்னு சொல்ற மாரி ஆவும். அவுரு சொகம் குடுத்தாரு, நீ போய் கையெழுத்து போட்டு திருப்பிக் குடுக்கறியா?"

"நீங்க முங்குங்கப்பா. நான் போட்டுல ஒக்காந்து போட்டோ எடுக்கறேன்."

"நீ முங்கறதுக்குத்தான்டி இத்தன செலவும். எனக்கா சாட்சி வேணும்?"

எஸ்தர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மறுபடி உள்ளே போய்விட்டாள். ரெபேக்கா 'இல்லை' என்று போட்டாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை குளத்துக்குப் போனோம். முதலில் ரெபேக்கா. தன் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். வாயில் குழாயை வைத்துக்கொண்டு மாஸ்டரோடு தலையை முக்கினாள். நான் போனில் படம் பிடித்துக்கொண்டு, "அல்லேலூயா!" என்று கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் அவளை மேலே கொண்டுவந்து படியில் உட்கார வைத்தார். குழாயைத் துப்பினாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அந்த விசில் சத்தம். பதினாறு வருடம் கழித்துக் கேட்டேன். உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

"வீசிங் கீதா இதுக்கு? இன்ஹேலர் எங்க?" என்று கத்தினார் மாஸ்டர்.

"அதெல்லாம் இல்ல மாஸ்டர். அது எப்பவோ சொகமாய்ட்டுது" என்றேன். அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன். என் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது என் சாட்சியைக் காப்பாற்றினேன்.

ரெபேக்கா கையை நீட்டினாள். என் கையிலிருந்த பையைக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. எஸ்தர் ஓடி வந்து பையைப் பிடுங்கினாள். தேடவே இல்லை. நேராக உள் ஜிப்பைத் திறந்து ஒரு நீல நிற இன்ஹேலரை எடுத்து மகள் வாயில் வைத்தாள்.

முதல் இழுப்பில் ஒன்றும் ஆகவில்லை. ஈரத் தரையில் முட்டி போட்டேன். எனக்குப் பெரிய ஜெபம் ஜெபிக்க வரும், உங்களுக்குத் தெரியும். அன்று வரவில்லை. 'ஆண்டவரே, நான் மேடையில் சொன்னது பொய்யாகவே போகட்டும். பிள்ளை மூச்சு விடட்டும்.' அவ்வளவுதான் கேட்டேன்.

மாஸ்டர் எண்ணிக்கொண்டே திரும்பத் திரும்ப மருந்தை இழுக்க வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக விசில் குறைந்தது. "அப்பா" என்றாள். மாஸ்டர் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தார் ஆண்டவர். என் பொய்யை எடுத்துக்கொண்டார், பிள்ளையைத் திருப்பித் தந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டேன், "எப்பத்துலேந்து வச்சிக்கினு கீற இத?"

"ஸ்கூல்லேந்துப்பா. அம்மாதான் வாங்கித் தருவாங்க. நீங்க மேடையில சொல்லச் சொல்ல, எனக்கு இருமல் முட்டிக்கினு வரும். அடக்கிக்கினு ஒக்காந்திருப்பேன்."

எஸ்தர் என்னைப் பார்த்து, "ஒனக்கு சாட்சி வேணும், எனக்கு புள்ள வேணும். இன்னா செய்யறது?" என்றாள். சுவர் பக்கம் திரும்பி அழுதேன்.

அப்போதுதான் எனக்குத் தெளிந்தது. அன்று உபவாச ஜெபத்தில் பிள்ளையை எழுப்பியது ஆண்டவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 'இன்றுவரை திரும்பவில்லை' என்று ஒட்டுப் போட்டது நான். அவர் கட்டியதன் மேல் நான் ஒரு மாடி எழுப்பிவிட்டேன், அதைத் தாங்கிக்கொண்டு என் பிள்ளை கீழே நின்றிருக்கிறாள்.

இப்போது இன்ஹேலர் எங்கள் வீட்டு ஜெப மேஜை மேலேயே இருக்கிறது. யாரும் ஒளிப்பதில்லை. அந்தமானுக்குப் போனோம். டாக்டர் முங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அடியில் கண்ணாடி வைத்த படகில் மூன்று பேரும் குனிந்து பவளப்பாறை பார்த்தோம். மகள் தாராளமாக இருமினாள். நான் தோத்திரம் சொன்னேன்.

உங்களில் யாராவது 'சுகமாகிவிட்டது' என்று சாட்சி சொல்லிவிட்டு, மாத்திரையை ஒளித்து விழுங்குகிறீர்களா? ஒளிக்காதீர்கள். வாரம் தவறாமல் மூச்சு இளைத்தாலும் உள்ளபடி போய் அவரிடம் நில்லுங்கள். நம்முடைய மெருகு இல்லாமலேயே அவர் பெரியவர்.

கடைசியாகப் பாஸ்டர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. ரெபேக்காவிடம் சம்மதம் கேட்டுத்தான் எழுதினேன். பிழை இருந்தால் திருத்துங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள். 'ஒரு சகோதரர்' என்று போட்டு என்னைக் காப்பாற்றவும் வேண்டாம். காம்பவுண்டு சுவருக்குக் கல்வெட்டில் என் பேரைப் போடவில்லை என்று உங்களோடு சண்டை போட்டவன் நான். இதற்கும் சண்டை போடுவேன். பிள்ளை பிழைத்தது ஆண்டவர் செய்தது, அதை அவர் பேரில் எழுதுங்கள். 'இல்லை' என்று போடச் சொன்னது பிளாக் கம்பெனி ஆபிரகாம். அதை என் பேரில், பெரிய எழுத்தில் போடுங்கள்.